விலாவில் ஒரு குத்து... மெரினாவில் காலை 5 மணி!

காலை ஐந்து மணிக்கு மெரினாவில் கடல் கண்ணுக்குத் தெரியாது. அலைச் சத்தம்தான் கேட்கும். கலங்கரை விளக்கத்தின் ஒளி ஒரு சுற்று சுற்றி வரும்போது, கரையில் கவிழ்த்துப் போட்ட படகுகள் ஒரு கணம் தெரிந்து மறையும். அந்த இருட்டிலேயே நடைபாதை விழித்துக்கொண்டுவிடும். மஃப்ளர் கட்டிய தாத்தாக்கள், புடவைக்குக் கீழே ஷூ போட்ட அம்மாக்கள், நாயை இழுத்துக்கொண்டு வருபவர்கள், நாயால் இழுத்துவரப்படுபவர்கள் என ஒரு ஊரே நடக்கும்.

1880-களில் கவர்னராக இருந்த கிராண்ட் டஃப், மாலையில் உலாவுவதற்காக இங்கே நடைபாதை போட்டு, இத்தாலிய வாடையோடு 'மெரினா' என்று பெயரும் வைத்தார். இந்த அதிகாலைக் கூட்டத்தை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். அதிலும் குறிப்பாக, உழைப்பாளர் சிலைப் பக்கம் பனியனும் டிரவுசருமாக ஓடும் இளைஞர்களை!

இவர்களில் பலர் உடம்பு குறைக்க வந்தவர்கள் இல்லை. காக்கிச் சட்டைக்காக ஓடுகிறவர்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஒரு அறைக்கு மூன்று பேராகத் தங்கி, பகலில் படித்து, விடியலில் ஓடுகிறார்கள். காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். எழுத்துத் தேர்வில் எவ்வளவு மார்க் எடுத்திருந்தாலும், இங்கே ஒரு நொடி தாமதமானால் அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அப்படி ஓடிவந்த ஒரு பையன் சிலைக்கு எதிரே சட்டென்று நின்றான். திருவண்ணாமலைப் பக்கத்து கிராமம். வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, அப்படியே தரையில் உட்காரப் போனான்.

"தம்பி, உட்காராதே. நடந்துக்கிட்டே இரு!"

குரல் கொடுத்தவர், பெஞ்சில் இருந்த ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். கழுத்தில் இன்னமும் விசில் தொங்குகிறது. பழக்கம் போகவில்லை.

"வலிக்கிற இடத்துல ரெண்டு விரலை வெச்சு அழுத்து. கொஞ்சம் முன்னால குனி. மூச்சை முழுசா ஊதி வெளியே விடு."

பையன் செய்தான். இரண்டு நிமிடத்தில் முகம் தெளிந்தது.

"வாயுப் பிடிப்பு சார். மூணு நாளா இப்படித்தான்."

"காலையில என்ன சாப்பிட்ட?"

"ஒரு டீ, ரெண்டு பன்னு, ஒரு பாக்கெட் ஜூஸ். வெறும் வயித்துல ஓடினா மயக்கம் வரும்னு..."

மாஸ்டர் சிரித்துவிட்டார்.

நம் வீடுகளில் இதற்கு வாயுப் பிடிப்பு என்றுதான் பெயர். ஆனால், வாயுவுக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. வயிற்றின் உட்சுவரை ஒட்டி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. உள்ளே இருக்கும் உறுப்புகளைப் போர்த்திய இன்னொரு மடிப்பும் இருக்கிறது. ஓடும்போது இரண்டும் உரசி, வெளிச் சவ்வு எரிச்சலடைவதால்தான் குத்துகிறது என்பது ஒரு முக்கிய விளக்கம். மூச்சு விட உதவும் உதரவிதானத்துக்கு ரத்தம் போதாமல் போகிறது என்றும், கல்லீரலைத் தாங்கும் தசைநார்கள் இழுபடுகின்றன என்றும் சொல்பவர்கள் உண்டு. இதுதான் என்று இன்னும் யாரும் அடித்துச் சொல்லவில்லை. சிலருக்குக் குத்தலோடு தோள்பட்டை நுனியிலும் வலி தெரியும். இரண்டுக்கும் நரம்புத் தொடர்பு இருப்பதுதான் காரணம்.

ஆஸ்திரேலியாவின் டேரன் மார்ட்டனும் ராபின் காலிஸ்டரும் 965 விளையாட்டுக்காரர்களிடம் விசாரித்து, 2000-ம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓட்டக்காரர்களில் நூற்றுக்கு 69 பேருக்கு முந்தைய ஒரு வருடத்தில் இந்த வலி வந்திருந்தது. நீச்சல்காரர்களும் குதிரைச் சவாரி செய்பவர்களும்கூடத் தப்பவில்லை. நன்றாகப் பயிற்சி எடுத்தவர்களுக்கும் வரும். வயது ஏற ஏறக் குறையும். ஆக, பெஞ்சில் இருந்தவருக்கு வராததற்கு அவருடைய பழைய பயிற்சி மட்டும் காரணமில்லை!

நிறைந்த வயிறும், சர்க்கரை தூக்கலான பானமும் இந்த வலியைக் கிளப்புகின்றன. பையன் இரண்டையும் சேர்த்தே செய்திருந்தான். ஓடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிப்பது நல்லது. ஆனால், ஐந்து மணிக்கு ஓடுகிறவன் மூன்று மணிக்கு எழுந்து இட்லி சாப்பிட முடியுமா? ராத்திரி சீக்கிரமாகச் சாப்பிட்டுவிட்டு, காலையில் நாலு மடக்குத் தண்ணீரோடு கிளம்பு என்றார் மாஸ்டர். "கூன் போட்டுக்கிட்டு ஓடாதே. முதல் நூறு மீட்டரைப் பாய்ஞ்சு ஓடாதே." இடது கால் தரையில் படும்போது மூச்சை விடு என்று ஒரு யோசனையும் சொன்னார். ஓட்டக்காரர்களிடம் ரொம்ப நாளாகப் புழங்கும் வழி அது. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை.

பிறகு அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. பக்கத்துப் பெஞ்சில் மெதுவாகச் சுண்டல் கொறித்துக்கொண்டிருந்த நண்பரைக் காட்டினார்.

"இவனும் வாயுன்னுதான் சொன்னான். வேகமா நடந்தா மேல் வயித்துல அடைக்கும். நின்னா போயிடும். பதினஞ்சு நாள் சோடா குடிச்சே ஓட்டினான். கடைசியில பார்த்தா ஹார்ட்!"

நண்பர் தலையை ஆட்டினார். தப்பித்தது அவர் அதிர்ஷ்டம்.

ஓடுபவரின் விலாக் குத்தல் வேகத்தைக் குறைத்தால் அடங்கும். பெரும்பாலும் சில நிமிடங்களில் போய்விடும். நின்ற பிறகும் விடாத வலி, காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்த வலி, அடிவயிற்றின் வலப்பக்கம் ஏறிக்கொண்டே போகும் வலி என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். நடுவயதைத் தாண்டியவர்களுக்கு நடக்கும்போதெல்லாம் நெஞ்சிலோ மேல் வயிற்றிலோ அடைப்பு வந்தால், நின்றதும் போய்விட்டாலும் அதை வாயு என்று விட்டுவிடக் கூடாது. அதோடு வியர்த்துக் கொட்டினால், தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினால், சோடா தேடாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

இரண்டு வாரம் போனது. வானம் வெளுத்து, உழைப்பாளர் சிலையின் நான்கு மனிதர்களும் பாறையோடு மல்லுக்கட்டுவது தெளிவாகத் தெரிகிற நேரம். 1959-லிருந்து தள்ளுகிறார்கள், பாவம். அவர்களைத் தாண்டி அந்தப் பையன் ஓடிவந்தான். ஏறக்குறைய 1,100 மீட்டரில் கை விலாவுக்குப் போனது. மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். பையன் நிற்கவில்லை. வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தான், விரலால் அழுத்தினான், மூச்சை ஊதினான், பிறகு கையை எடுத்துவிட்டு மறுபடி எட்டிப் போட்டான்.

ஸ்டாப்வாட்ச்சில் ஏழு நிமிடம், நாலு செகண்டு.

"நாலு செகண்டு சார்!" என்றான், மூச்சு வாங்க.

"தெரியுது. காலையில என்ன குடிச்ச?"

பையன் தலையைச் சொறிந்தான்.

"அரை டீ சார்."

"நாளைக்கு அதையும் ஓடி முடிச்சிட்டுக் குடி. நான் வாங்கித் தரேன்."