இறுகிய மரை

தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ என்பவர் அகழ்வாய்வு நடத்தினார். முதுமக்கள் தாழிகளோடு இரும்பு வாள்களும் வேல்களும் கிடைத்தன. பொன்னாலான நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. பொன் தன் நிறம் மாறவில்லை. இரும்போ துருவேறிக் கிடந்தது. மண்ணுக்குள் பல நூற்றாண்டுகளாக நடந்த அந்த மாற்றமே வீட்டுக் குளியலறையின் சுவருக்குள்ளும் ஓசையின்றி நடந்து வருகிறது. அது அங்கே நடப்பதை அறிவார் சிலரே.

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் செல்லும் பெருவழியில், மேற்குமலைத் தொடரின் அருகே அமைந்த ஊர் வள்ளியூர். அவ்வூரில் ஒரு பழைய வீட்டைக் கருதுவோம். குளியலறைக் குழாய் நொடிக்கு ஒரு சொட்டாக ஒழுகுகிறது. இது சிறிய இழப்பு என்று எண்ணுவார் உளர். கணக்கிட்டுப் பார்த்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லிட்டர் நீர் வீணாகிறது. கோடையில் குடத்தோடு காத்து நிற்பவர்க்கே அதன் அருமை விளங்கும். பழைய குழாயைக் கழற்றிப் புதியதை மாட்டினால் குறை தீரும். ஆனால், அது கழல வேண்டுமே! மரை இறுகிவிட்டது. வலிந்து திருகினால் சுவருக்குள் இருக்கும் இரும்புக் குழாயே முறிந்துபோகும். பிறகு ஓடுகளைப் பெயர்த்துச் சுவரை உடைக்க வேண்டியதுதான். அதுவரை வீடு முழுவதற்கும் நீர் இராது.

மரை ஏன் இறுகுகிறது? இரும்பும் நீரும் காற்றிலுள்ள உயிர்வளியும் கூடினால் துரு பிறக்கும். அதைத் தடுக்கவே இரும்புக் குழாயின்மேல் துத்தநாகம் பூசுகிறார்கள். துத்தநாகம் தான் அழிந்து இரும்பைக் காக்கும் இயல்புடையது. ஆயினும், குழாயின் நுனியில் மரை வெட்டும்போது அந்தப் பூச்சும் வெட்டுண்டு போகிறது. காவல் மிகுதியாக வேண்டிய இடத்திலேயே காவல் இல்லை! இனி, நீர் திறக்கும் குழாய் பித்தளையாக இருந்தால், வேறுபட்ட இரண்டு உலோகங்கள் நீரில் தொட்டுக்கொண்டிருக்கின்றன. 1800இல் வோல்டா அமைத்த மின்கலத்தின் அடிப்படையும் இதுவே. இங்கே பித்தளை பிழைக்க, இரும்பு விரைந்து அரிக்கப்படுகிறது. பிறந்த துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கொள்வது. ஆதலால் அது மரையின் இடுக்குகளில் ஆப்பு அடித்ததுபோல் நெருக்கி நிற்கிறது.

உப்பு கலந்த காற்றும் நீரும் இவ்வழிவை விரைவுபடுத்தும். 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் கடலுப்போடு நூறாண்டுக்கு மேல் போராடியது. 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில்கள் ஓடுவது நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 1953 முதல் காரைக்குடியில் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பை ஆராயும் பணியையும் மேற்கொண்டுள்ளது. குளியலறை மரையின் பகைதான் பாலத்தின் பகையும்.

தொழிலில் தேர்ந்தவர் வந்தால் முதலில் கருவியை எடுப்பதில்லை. நீர்வரும் வழியை அடைக்கிறார். பிறகு மரையின் ஓரத்தை உற்றுப் பார்க்கிறார். செம்பழுப்பாக இருந்தால் துரு. வெண்மையாகக் காரைபோல் இருந்தால் கிணற்றுநீரின் சுண்ணாம்புப் படிவு. சுண்ணாம்புக்குக் காடியும் எலுமிச்சைச் சாறும் போதும். அவற்றில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் படிவு கரையும். துருவுக்கு ஊடுருவும் எண்ணெய் வேண்டும். எண்ணெய் இட்டபின் மெல்லத் தட்டுகிறார். துருவில் நுண்ணிய வெடிப்புகள் உண்டாகின்றன. விளக்குத் திரியில் ஏறுவதுபோல எண்ணெய் அவற்றினுள் தானே ஏறுகிறது. அதற்குச் சில மணி நேரம் ஆகலாம். ஓர் இரவும் ஆகலாம்.

இந்தக் காத்திருப்பு வீட்டுச் சிறுவனுக்குப் பொறுக்குமா?

“அண்ணாச்சி, ஓங்கி ஓர் அடி அடித்தால் வந்துவிடாதா?”

“வரும் தம்பி, சுவரும் கூடவே வரும்!”

மறுநாள் இரண்டு ரிஞ்சுகள் வேலை செய்கின்றன. ஒன்று சுவர்ப்பக்கத்து இரும்பை அசையாமல் பிடிக்கிறது. மற்றொன்று குழாயைத் திருப்புகிறது. பிடிக்கும் ரிஞ்சு இல்லையேல் திருகும் விசை முழுவதும் சுவருக்குள் சென்று, அரிப்புண்ட மெலிந்த இடத்தைத் தாக்கும். கைப்பிடியின் நீளத்தை இருமடங்காக்கினால் திருப்புவிசையும் இருமடங்காகும் என்பது நெம்புகோல் பாடம். உடைக்கும் ஆற்றலும் அவ்வாறே பெருகும் என்பதைப் பாடம் படித்தவர் பலர் மறந்துவிடுகின்றனர். அண்ணாச்சி முதலில் குழாயை இறுக்கும் பக்கமாகச் சிறிதே அசைக்கிறார்; துருவின் பிடி விடுகிறது. அதன்பின் இடப்புறம் திருப்புகிறார். அசைவு தடைப்பட்டால் மீண்டும் எண்ணெய். மீண்டும் சிறிது வலம், சிறிது இடம். ‘கிறீச்’ என்ற ஒலியோடு குழாய் இளகுகிறது.

குழாய் கழன்றதும் பலர் புதியதை உடனே மாட்டிவிடுவர். அவர் அவ்வாறு செய்வதில்லை. கம்பித் தூரிகையால் மரையின் உட்புறத்தைத் தேய்த்துத் துடைக்கிறார். புதிய குழாயின் மரையில் வெள்ளை நாடாவை, திருகும் திசையிலேயே இறுக்கமாகச் சுற்றுகிறார். நீர் கசியாமல் தடுப்பது அந்நாடாவின் ஒரு பயன். பின்னொரு நாளில் மரை எளிதில் கழல உதவுவது மற்றொரு பயன். அந்நாளில் அதைக் கழற்ற வருபவர் வேறு யாரோ ஒருவராக இருக்கலாம். குழாயை நேராக நிறுத்திய பிறகு, அடைத்த நீரைச் சிறிதே திறந்து, இணைப்பின் கீழே உலர்ந்த தாள் ஒன்றை வைத்துப் பார்க்கிறார். தாளில் ஈரம் இல்லை.