சந்நிதி வாசலில் ஒரு முடிச்சு

செவ்வாய்க்கிழமைகளில் சிறுவாபுரி முருகன் கோயில் வாசலில், காலணி விடும் இடத்தைச் சற்று நின்று கவனித்தால் ஒன்று புலப்படும். ரப்பர் செருப்பு அணிந்து வந்தோர் நடந்த நடையிலேயே அதை உதறிவிட்டு உள்ளே செல்வர். நாடா கட்டிய ஷூ அணிந்த இளைஞர்கள் முடிச்சை அவிழ்க்காமலே, ஒரு காலால் மறு காலின் குதியை மிதித்துப் பிடுங்கிக்கொள்வர். எழுபதைக் கடந்தவருக்கு இவை இரண்டும் கைகூடா. ஒற்றைக் காலில் நின்றால் தடுமாற்றம், குனிந்தால் தலைசுற்றல், தரையில் அமர்ந்தால் எழுவதற்கு யாரேனும் கை கொடுக்க வேண்டும். சொந்த வீடு அமைய வேண்டுமென்று ஆறு செவ்வாய்க்கிழமைகள் தொடர்ந்து வந்து வேண்டிக்கொள்ளும் அடியார்கள் திரளும் தலம் அது. அந்த நெரிசலில் சுவரைப் பற்றியபடி, ஒரு முடிச்சோடு போராடும் முதியவரை யார் கவனிக்கப் போகிறார்கள்?

கவரைப்பேட்டையில் வசிக்கும் ஒரு பெரியவரின் அனுபவம் இதை நன்கு விளக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்து ஆலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். முனையில் இரும்பு பொதிந்த பாதுகாப்புக் காலணியை அணிந்து, நாடாவை இறுகக் கட்டி, மீந்த நுனிகளை உள்ளே செருகிய பிறகே இயந்திரங்களின் அருகில் செல்வார். தொங்கும் நாடா சுழலும் உருளையில் சிக்கினால் காலே போய்விடும் என்பதைப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே பழகியவர். ஆகவே நாடா கட்டுவது அவருக்கு வெறும் வழக்கமன்று, அது ஒழுங்கின் அடையாளம். ஓய்வு பெற்ற பின்பும் கறுப்பு ஷூவைத் துடைத்து, இரட்டை முடிச்சுப் போட்டுத்தான் கோயிலுக்குப் புறப்படுவார். செவ்வாய் தோறும் சிறுவாபுரி; அமாவாசை தோறும் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள்.

வைத்திய வீரராகவர் என்று போற்றப்படும் அப்பெருமாளின் சந்நிதிக்கு நோய் தீர வேண்டி அமாவாசையில் வருவோர் பல்லாயிரவர். அங்கேதான் ஒரு தை மாதத்தில் அவருக்கு அது நேர்ந்தது. ஹ்ருதாபநாசினித் தீர்த்தத்தில் தீர்த்தம் தெளித்துக்கொண்டு, சயனக் கோலத்துப் பெருமாளை ஸேவித்து வெளியே வந்தவரால் ஷூவின் நாடாவைக் கட்ட இயலவில்லை. எழுபத்துமூன்று வயது, நீரிழிவு வந்து பதினாறு ஆண்டுகள், விரல்களில் விறைப்பு. இருமுறை குனிந்து இருமுறையும் நிமிர்ந்துவிட்டார். உடன் வந்த பேத்தி, "தாத்தா, நீங்க நில்லுங்க, நான் கட்டுறேன்" என்று சொல்லி, அத்தனை பேர் நடுவில் மண்டியிட்டு அமர்ந்து கட்டிவிட்டாள்.

பேத்திக்கு அது ஒரு பொருட்டே அன்று. அவருக்கோ அன்று இரவு உறக்கம் வரவில்லை. அடுத்த அமாவாசைக்குக் கூட்டம் அதிகமாக இருக்கும் என்று சொல்லிப் போகாமல் இருந்தார். அதற்கடுத்த மாதம் வெயில் காரணமாயிற்று. சிறுவாபுரி செல்வதும் மெல்லக் குறைந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவிக்கு உண்மைக் காரணம் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் அவர் வாய் திறக்கவில்லை. "ஷூ வேண்டாங்க, செருப்பு போட்டுக்கிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

செருப்பு அணிந்ததில்தான் உண்மையான ஆபத்து வந்தது. நீரிழிவினால் பாதத்தில் உணர்வு மங்கியவர்களுக்கு, கட்டை விரல் இடுக்கில் செருகும் செருப்பு காலைவிட்டு நழுவுவதே தெரியாது. ஒரு நாள் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வந்து சேர்ந்தபோது அவருடைய இடக்காலில் செருப்பு இல்லை. எங்கே விட்டார் என்பதும் நினைவில்லை. திண்ணையிலிருந்து அடுக்களை வரை தரையில் இருந்த சிவப்புத் தடத்தைக் கண்ட பிறகே, பாதத்தில் கண்ணாடிச் சில்லு ஏறியிருந்ததை மனைவி கண்டுபிடித்தார். வலி சிறிதும் இல்லை. அந்தப் புண் ஆற ஏழு வாரங்கள் ஆயின.

வலி இல்லாமை நன்மை போலத் தோன்றும். பாதத்தைப் பொறுத்தவரை அதுவே பெருங்கேடு. இதைத் தமிழ்நாட்டு மண்ணிலேயே உலகுக்கு விளக்கியவர் மருத்துவர் பால் பிராண்ட். 1946ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றிய அவர், தொழுநோயாளிகளின் பாதம் புண்ணாவது நோயினால் சதை தானாக அழுகுவதால் அன்று, உணர்விழந்த பாதத்தில் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அழுத்தமும் காயமும் விழுவதால்தான் என்று நிறுவினார். மெத்தென்ற ரப்பர் அடித்தளம் கொண்ட காலணிகள் அங்கிருந்து பரவின. அதே அறிவு பின்னர் நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கும் பயன்பட்டது. வடசென்னை ராயபுரத்தில் பேராசிரியர் எம். விசுவநாதன் 1954இல் தொடங்கிய எம்.வி. நீரிழிவு மருத்துவமனை பாதப் பராமரிப்பில் தனிக் கவனம் செலுத்தியதை அப்பகுதி மக்கள் நன்கறிவர். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு உள்ளது. கோயில் வாசலில் காலணி கழற்றும் முதியோரில் எத்தனை பேர் அந்தக் கணக்கில் அடங்குவர் என்பதை எவரும் ஊகிக்கலாம்.

புண்ணுக்கு மருந்திட்ட மருத்துவர், பாதத்தைக் குதிகால் வரை பற்றிக்கொள்ளும் காலணியே இனி வேண்டும் என்றார். நாடா கட்டியதும் தகும். வெல்க்ரோ எனப்படும் ஒட்டுப்பட்டை வைத்ததும் தகும். நழுவும் செருப்பு மட்டும் ஆகாது. பெரியவர் முகம் சுளித்தார். ஒட்டுப்பட்டை ஷூ என்பது முதல் வகுப்புப் பிள்ளைகள் அணிவதல்லவா? "கரகர" என்று ஓசையெழுப்பும் அந்தப் பட்டையைப் பெருமாள் கோயில் வாசலில் பிய்த்துக்கொண்டு நிற்பதா?

அவரைப் போலவே எண்ணுவோர் பலர். ஆயினும் அந்தப் பட்டையின் வரலாறு பிள்ளைகளிடம் தொடங்கவில்லை. சுவிட்சர்லாந்தின் பொறியாளர் ஜார்ஜ் த மெஸ்த்ரால் 1941இல் தம் நாயுடன் மலைப்பகுதியில் உலாவித் திரும்பியபோது, தம் உடையிலும் நாயின் உரோமத்திலும் ஒரு காட்டுச் செடியின் காய்கள் ஒட்டியிருக்கக் கண்டார். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, அவற்றின் முள் நுனிகள் கொக்கி போல வளைந்து துணியின் வளையங்களைப் பற்றியிருந்தன. ஒருபுறம் கொக்கி, மறுபுறம் வளையம் என்று அதைச் செயற்கையாகச் செய்து முடிக்க அவருக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நிலவுக்குச் சென்ற அப்பல்லோ விண்கலங்களில், எடையற்ற வெளியில் பொருள்கள் மிதந்துவிடாமல் நிறுத்தியதும் அந்தப் பட்டைதான்.

இவ்வளவு தூரம் செல்லவும் வேண்டுவதில்லை. புதர் ஓரம் நடந்தால் வேட்டியின் கரையில் ஒட்டிக்கொண்டு வரும் நாயுருவி விதையை அறியாத தமிழர் உண்டா? அபாமார்க்கம் என்று வடமொழியில் வழங்கும் அச்செடியின் இலை, விநாயக சதுர்த்தியன்று பிள்ளையாருக்குச் சாத்தும் இருபத்தொரு பத்திரங்களுள் ஒன்று. பிள்ளையாருக்கு உகந்த செடி செய்யும் வேலையையே அந்தப் பட்டையும் செய்கிறது. மனைவி இதைச் சொன்னபோது பெரியவர் சிரித்துவிட்டாராம்; ஆனாலும் அன்று இசையவில்லை.

உண்மையில், கோயிலுக்குச் செல்லும் குடும்பங்களின் வாழ்வு நாடாவுக்கு ஏற்றதே அன்று. காலையில் கட்டினால் இரவில்தான் அவிழ்ப்பது என்ற வழக்கமுள்ள குளிர்நாட்டாருக்கு நாடா பொருந்தும். இங்கோ உறவினர் வீட்டுப் படியில் கழற்ற வேண்டும். குருக்கள் வீட்டுத் திண்ணையில் கழற்ற வேண்டும். கோயிலில் கழற்ற வேண்டும். மீஞ்சூரில் ஏகாம்பரநாதரையும் வரதராஜரையும் ஒரே காலையில் தரிசித்துவிட்டு ஒரு வீட்டுக்கும் சென்று வருபவர், அரை நாளில் ஆறு முடிச்சுகள் அவிழ்த்துக் கட்ட வேண்டியிருக்கும். முன்னோர் இதை அறிந்திருந்தனர். அவர்களுடைய பாதக்குறட்டில் நாடாவும் இல்லை, வாரும் இல்லை. விரலிடுக்கில் பற்றும் ஒரு குமிழ் மட்டுமே. நின்றபடி ஏறலாம், நின்றபடி இறங்கலாம். பதினான்கு ஆண்டுகள் பரதன் சிம்மாசனத்தில் வைத்து வழிபட்ட பாதுகையும், வேதாந்த தேசிகர் 1008 சுலோகங்களால் போற்றிய அரங்கன் பாதுகையும் அவ்வகையினவே. கழற்றுவதற்கு எளிதான காலணி மரபுக்குப் புதிதன்று. இடையில் வந்து சேர்ந்தது முடிச்சுதான்.

அதற்காக நாடாவைப் பழிப்பதற்கில்லை. கட்டத் தெரிந்த விரலும் வளையும் முதுகும் உள்ளவரை அது நல்ல காவல். மாலையில் வீங்கும் பாதத்துக்கு ஏற்ப ஒவ்வோர் இடத்திலும் தளர்த்தி இறுக்க அதில் வசதி அதிகம். மலிவான ஒட்டுப்பட்டை சில மாதங்களிலேயே பிடிப்பிழந்து, நடக்கும்போது தானே திறந்துகொள்ளும். அப்படித் திறந்த பட்டை, அவிழ்ந்த நாடாவுக்குச் சற்றும் குறையாத இடறு. ஆகவே வாங்கும்போது அகலமான இரண்டு பட்டைகளாவது உள்ளதாகப் பார்த்து, கடையிலேயே பத்து முறை திறந்து மூடிச் சோதிப்பது நல்லது. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் சென்று வாங்குவது இன்னும் நல்லது.

பெரியவர் மனம் மாறியது அறிவுரையால் அன்று. ஆடிக் கிருத்திகை நெருங்கியது. ஐம்பது ஆண்டுகளாகத் தவறாத விரதம். மனைவி காளஹஸ்தியின் கண்ணப்பரை நினைவூட்டினார். வேடர் கோலத்தில், செருப்பணிந்த காலையே இறைவன் திருமேனியில் ஊன்றி அடையாளம் வைத்துக்கொண்ட அன்பரை ஏற்றுக்கொண்டவர், பட்டை ஷூ அணிந்து வாசல் வரை வருபவரை வேண்டாம் என்றா சொல்லப் போகிறார் என்று கேட்டார். ஒப்புமை சற்று மிகைதான். ஆனால் வீட்டில் நடக்கும் வாதங்களில் மிகைக்குத்தான் வெற்றி. மறுநாளே இருவரும் பொன்னேரிக் கடைத்தெருவுக்குச் சென்று வந்தனர்.

கிருத்திகையன்று சிறுவாபுரி வாசலில், காலணி காப்பவர் போட்டிருந்த முக்காலியில் அமர்ந்து, ஒரு கையால் இரு பட்டைகளையும் பிரித்துவிட்டு, எவர் துணையுமின்றி எழுந்து உள்ளே சென்றார். பேத்தி அருகில் நின்றாள். ஆனால் குனிய வேண்டியிருக்கவில்லை. ஓசை எழத்தான் செய்தது. வாசலில் ஒலித்த மேளத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

உள்ளே சென்ற பின்னும் பாதத்தின் கவலை தீர்ந்துவிடுவதில்லை. உணர்வு மங்கிய பாதத்துக்குச் சித்திரை வைகாசியின் உச்சிவெயிலில் கருங்கல் பிராகாரம் கொப்புளம் எழுப்பும், அதுவும் தெரியாது. அப்பெரியவர் இப்போது காலை எட்டு மணிக்குள் பிரதட்சிணத்தை முடித்துக்கொள்கிறார். வீடு திரும்பியதும் மனைவி அவருடைய உள்ளங்காலைப் பார்க்கிறார். தனித்து வாழ்வோர் தரையில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்துத் தாமே பார்த்துக்கொள்ளலாம்.

ஒட்டுப்பட்டைக்கென்று சில பராமரிப்புகளும் உண்டு. கழற்றிய உடன் பட்டையை அதன் இடத்திலேயே திரும்ப ஒட்டிவிட வேண்டும். திறந்து கிடந்தால் கொக்கிப் பக்கத்தில் மாலை நூலும் தலைமுடியும் பூச்சருகும் சேர்ந்து பிடிப்புக் குறையும். பழைய பல் துலக்கியாலோ பேன் சீப்பாலோ மாதம் ஒருமுறை வாரி எடுத்தால் மீண்டும் பற்றும். பட்டுப் புடவை உடுத்தி வரும் பெண்மணிகள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். கொக்கியில் சரிகை மாட்டினால் இழை உருவி வந்துவிடும். பெரியவரின் மனைவிக்கு அந்த ஒரு தயக்கம் இருந்ததால், கொக்கிப் பக்கம் முழுவதும் மேல்பட்டையால் மூடப்படும் வகை ஒன்றைத் தேடி, சென்ற மாதம் தமக்கும் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டார். பழைய கறுப்பு ஷூவின் நாடாக்கள் இரண்டும் கொல்லையில் முல்லைக்கொடியைப் பந்தற்காலோடு கட்டியிருக்கின்றன. அந்த முடிச்சுகளை இட்டவர் பெரியவர்தான். அமர்ந்தபடி, பொறுமையாக, இரட்டை முடிச்சாக.