மகரத்தில் பிறந்த மரியா

விளக்கில்லாத கலங்கரை விளக்கங்களும் உண்டு. 1733 முதல் 1743 வரை நடந்த மாபெரும் வடக்குப் பயணத்தின்போது, சைபீரியாவின் வடகரையில் ரஷ்ய மாலுமிகள் நாட்டிய மர அடையாளங்கள் அப்படிப்பட்டவை. கப்பல் ஓடக்கூடிய கோடையில் அங்கே இரவு இருட்டுவதில்லை. தட்டையான கரையில் நிமிர்ந்து நிற்கும் ஒரு மரமே போதும். ஆனால் மரம் முளைக்காத நிலம் அது. லேனா போன்ற ஆறுகள் தெற்குக் காடுகளிலிருந்து அடித்துவரும் கட்டைகள்தான் கைகொடுத்தன.

1742 மே மாதம் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் ஆசிய நிலப்பரப்பின் வடகோடியை அடைந்த செல்யூஸ்கின், தன்னோடு கொண்டுபோன ஒற்றைக் கட்டையை அங்கே நட்டார். அந்த முனைக்கு இன்று அவர் பெயர். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருபவர் தாத்தியானா.

ஆறாண்டுகளுக்கு முன் 'யாகூத்ஸ்க்' கப்பலில் செல்யூஸ்கின் வழிகாட்டும் மாலுமி. தலைவர் வசீலி புரோன்சிஷெவ். அவர் மனைவி தாத்தியானாவும் உடன் போனார், அதிகாரபூர்வமாக அல்ல. ஒலென்யோக் ஆற்றின் முகத்துவாரத்தருகே குளிர்காலத்தைக் கழித்து, 1736 கோடையில் 77 பாகையைத் தாண்டி, பனிக்கட்டி மறிக்கவே திரும்பினார்கள். வசீலி இறந்தார். இரண்டு வாரத்தில் தாத்தியானாவும் இறந்தார். இருவரையும் அந்த ஆற்றங்கரையிலேயே புதைத்தார்கள்.

1913-இல் ஒரு கடலளவைக் குழு, தைமிர் கரையின் முனை ஒன்றுக்குப் 'புரோன்சிஷெவா முனை' என்று பெயரிட்டது. முனையைக் குறிக்கும் ரஷ்யச் சொல்லும் நம் சொல்லைப் போலவே மகரத்தில்தான் தொடங்குகிறது. வரைபடத்தில் அது 'ம.' என்று சுருங்கியது. பின்னால் வந்தவர்கள் அதைப் பெண்ணின் தலைப்பெழுத்தாக எண்ணி, 'மரியா' என்று விரித்து, அருகிலிருந்த விரிகுடாவுக்குச் சூட்டிவிட்டார்கள். ஆவணங்களிலிருந்து தாத்தியானா என்ற பெயர் வெளிவர 1980கள் வரை ஆயிற்று.

பாடபேதங்களோடு காலம் தள்ளும் எனக்கு ஏடெழுதியோர் பிழை புதிதல்ல. ஆனால் ஒரு பெண்ணை, அவர் பெயர் என்னவென்று கேளாமலே கௌரவித்துவிட முடிந்திருக்கிறதே, அதுதான் உறுத்துகிறது. கரையில் அடையாளம் இடம் மாறி நின்றால் கப்பல் தரைதட்டும், உடனே திருத்துவார்கள். பெண்ணின் பெயர் மாறி நின்றால் எந்தக் கப்பலும் உடைவதில்லை. அந்த விரிகுடா இன்னும் மரியாதான்.

புரோன்சிஷெவா என்பதும் கணவர் வழி வந்ததே. பிறந்த வீட்டுப் பெயர் வேறு. வகுப்பில் இதைச் சொல்லும்போது கரும்பலகையில் முழுதாக எழுதிவிடுவேன்: தாத்தியானா கோண்டிரெவா.