அந்த ஐந்து எங்கிருந்து வந்தது?

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை என்று கீழ்வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். நான் மாடி அறையில் ரியல் அனாலிசிஸ் நோட்டோடு. பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டில் பார்க்க வேண்டிய பாடத்தை எங்களுக்கு முதல் செமஸ்டரிலேயே வைத்துவிட்டார்கள். பிளஸ் டூவில் சதம் அடித்தவர்களும் வகுப்பில் வாயைத் திறப்பதில்லை.

ஆகஸ்ட் 9

எக்ஸ் ஸ்கொயர் என்ற சார்பு 2 என்ற இடத்தில் தொடர்ச்சியானது என்று இன்று நிரூபணம். முதல் வரியிலேயே, ‘1, எப்சிலான் வகுத்தல் 5, இரண்டில் சிறியதை டெல்டாவாகக் கொள்க.’ அப்புறம் நாலே வரி. எதிலும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த 5? ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியும் பிடிபடவில்லை.

ஆகஸ்ட் 10

வீட்டுக்கார சார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நோட்டை நீட்டினேன்.

“முடிவுலேர்ந்து பின்னாடி வந்து கண்டுபிடிக்கறதுடா இது. எழுதறச்சே தலைகீழா எழுதிடுவா. ரஃப் நோட்டை யார் காட்டறா?”

அவரே பென்சிலை எடுத்தார். எக்ஸ் ஸ்கொயரிலிருந்து 4 போனால், எக்ஸ் மைனஸ் 2, எக்ஸ் பிளஸ் 2 இவற்றின் பெருக்கல். முதலாவதை டெல்டா அடக்கிவிடும். இரண்டாவதை எங்காவது கட்டிப்போட வேண்டும். எக்ஸ் 2-ஐ விட்டு ஒன்றுக்கும் குறைவாகவே விலகும் என்று வைத்தால் அது 1-க்கும் 3-க்கும் நடுவில். எக்ஸ் பிளஸ் 2 ஐந்தைத் தொடாது. இவ்வளவுதான்!

காபி வந்ததும் சாருக்கு உற்சாகம். நியூட்டனும் லைப்னிட்ஸும் 17-ஆம் நூற்றாண்டிலேயே நுண்கணிதத்தை உண்டாக்கிவிட்டார்கள். கோஷி அதற்கு ஒழுங்கான அஸ்திவாரம் போட்ட புத்தகம் 1821-இல். எப்சிலான்-டெல்டாவை இன்றைய கறார் நிலைக்குக் கொண்டுவந்தவர் அவருக்கும் பின்னால் வந்த வையர்ஸ்ட்ராஸ். எங்கள் பாடத்திட்டம் வையர்ஸ்ட்ராஸிலிருந்து தொடங்குகிறது. வழியில் இருந்த சந்தேகங்கள் எதுவும் சிலபஸில் இல்லை.

அப்படியே சாரின் பேச்சு திருச்சிக்குத் திரும்பியது. பாரிஸில் எலி கார்ட்டானிடம் ஆராய்ச்சி செய்த ரசீன் பாதிரியார் 1937-இல் முதலில் வந்தது இதே திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரிக்குத்தானாம். பிறகு சென்னை லயோலா. அங்கே அவரிடம் படித்தவர்கள் எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும், இருவர் பெயரிலும் 1965-இல் ஒரு தேற்றம். சார் என்னைத் தேற்றத்தான் சொன்னார். அவர்களோடு என்னை வைத்துப் பார்த்தால் பயம்தான் கூடுகிறது. இருந்தாலும் ஒன்று: பெரிய கணக்கைச் சின்ன வயதில் காட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ரஃப் நோட்டையும் சேர்த்துக் காட்டட்டும்.

ஆகஸ்ட் 12

2-க்குப் பதில் 100 போட்டுப் பார்த்தேன். 5 இருந்த இடத்தில் 201 வந்து நிற்கிறது. இடம் தள்ளிப் போகப் போக டெல்டா சுருங்குகிறது. அடுத்த பாடம் யூனிஃபார்ம் கன்டினியூட்டி: எல்லா இடத்துக்கும் ஒரே டெல்டா வேண்டுமாம். எக்ஸ் ஸ்கொயருக்கு அது நடக்காது என்று இப்போதே தோன்றுகிறது. வகுப்பில் கேட்டுவிட வேண்டும்.