நானும் கை நீட்டினேன்

"பாட்டிக்கு மட்டும் பார்த்தாப் போதுமா? நீங்களும் கையை நீட்டுங்கக்கா" என்றாள், மாமியாருக்கு பிரஷர் பார்க்க வந்த கிராம சுகாதார நர்ஸ்.

"எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சிரித்தேன். அவள் விடவில்லை. பார்த்தால் 160க்கு 100! இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோதும் குறையவில்லை.

தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. என் அம்மாவும் இப்படித்தான், "ஒண்ணுமில்லே" என்று சொல்லிக்கொண்டே இருந்து, 52 வயதில் பக்கவாதத்தில் விழுந்தாள். அது நினைவுக்கு வர, அடிவயிறு கலங்கிவிட்டது.

நர்ஸ் அடுக்களைக்கே வந்து ஊறுகாய் ஜாடி, அப்பளக் கட்டு, கருவாடு எல்லாவற்றையும் பார்த்தாள். "ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள்ளேதான் இருக்கணும், ஒரு டீஸ்பூன் கூட வராது. ஊறுகாயில இருக்கிறதும் அந்தக் கணக்குலதான் சேரும்" என்றாள்.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் மாத்திரை கொடுத்தார். "நல்லாயிருக்குன்னு நீங்களா நிறுத்திடாதீங்க" என்று மாதாமாதம் நினைவூட்டுவது அவள்தான். இப்போது 130க்கு 80.

சகோதரிகளே, எல்லோருக்கும் வேளாவேளைக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் நாம், நம்மை மறந்துவிடுகிறோம். ஊசி போடுவது மட்டுமா நர்ஸின் வேலை? நோய் வருமுன் வாசலிலேயே தடுப்பதும்தான். அவள் வரும்போது நீங்களும் கையை நீட்டுங்கள்!