முடிக்கூடு

மார்ச் 9, ஞாயிறு

பதினேழு வருஷமாக இந்த ட்ரிப் நோட்டில் டீசல், டோல், பேட்டா, பஞ்சர் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. ஜனவரியிலிருந்து வண்டியில் ஏறவில்லை. பக்கங்கள் காலியாகக் கிடக்கின்றன. டேங்கரை வேறு டிரைவர் ஓட்டுகிறார். நான் மேட்டூரில் வீட்டுத் திண்ணையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எனக்கு வந்தது வெளியே சொல்லக் கூசும் இடத்தில் வந்த வியாதி. முதுகு முடிந்து பிட்டம் இரண்டாகப் பிரியும் பள்ளத்தில், வால் எலும்புக்கு நேராக ஒரு கட்டி. நாலு வருஷம் அதைச் சூட்டுக் கட்டி என்றே நினைத்திருந்தேன். இஞ்சின் சூடு ஒரு பக்கம், ஆந்திரா வெயில் ஒரு பக்கம். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன், இளநீர் குடித்தேன். உடையும், சீழ் வடியும், ஆறும், மறுபடி கட்டும். சங்ககிரியில் ஒரு டிரைவர் பவுத்திரம் என்றார். அதற்கும் ஒரு வருஷம் நாட்டு மருந்து தின்றேன். கடைசியில் ஹூப்ளி தாண்டி ஒரு ராத்திரி, உட்காரவே முடியவில்லை. பாரத்தையெல்லாம் இடது தொடையில் போட்டு, ஒருக்களித்தபடியே தொப்பூர் கணவாய் இறங்கி வீடு வந்து சேர்ந்தேன். என் சீட்டு மெத்தை இடது பக்கம் மட்டும் அமுங்கிப் போயிருந்ததை முதலில் பார்த்தது வீட்டுக்காரிதான். "இத்தன வருசமா இப்படியேதான் உக்காந்து ஓட்டுனீங்களா?" என்று கேட்டு அழுதாள்.

சேலம் சர்ஜன் பார்த்த உடனே சொல்லிவிட்டார். "பவுத்திரம் இல்லீங்க. முடி."

ஆபரேஷன் முடிந்தபின் ஒரு கிண்ணத்தில் காட்டினார். பாத்ரூம் சல்லடையை அடைத்துக்கொள்ளுமே, அந்த மாதிரி ஈரமாகச் சுருண்ட ஒரு முடிக்கொத்து. விரல் கணு அளவு. என் உடம்புக்குள் இருந்தது. முதுகு முடியும் தலைமுடியும் உதிர்ந்து அந்தப் பள்ளத்தில் சேருமாம். உட்கார்ந்து குலுங்கக் குலுங்க ஊசி மாதிரி தோலுக்குள் இறங்குமாம். "முடிக்கு மீன் மாதிரி செதில் இருக்குதுங்க. உள்ள போனது வெளிய வராது." மேட்டூர்க்காரனுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பைலோனிடல் சைனஸ் என்று பேர். 1880-ல் ஹாட்ஜஸ் என்ற அமெரிக்க மருத்துவர் லத்தீன் சொற்களைச் சேர்த்து வைத்த பேர். முடிக்கூடு என்று அர்த்தம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பட்டாளத்தில் முக்கால் லட்சம் பேருக்கு மேல் இதற்காக ஆஸ்பத்திரியில் படுத்தார்களாம். ஜீப்பில் குலுங்கியவர்களுக்கு அதிகம் வந்ததால் 1944-ல் ஒரு மருத்துவர் இதை ஜீப் வியாதி என்றே எழுதினார்.

ஜீப்பே அப்படியென்றால் லாரிக்கு என்ன சொல்வது! நாமக்கல்லில் பாடி கட்டி, சங்ககிரியில் லோடு பிடித்து, திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வடக்கே போய், இந்தச் சீமையில் எத்தனை ஆயிரம் ஆண்கள் உட்கார்ந்தே சம்பாதிக்கிறோம். ஒருத்தர்கூட இதன் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

புண் ஆறிவிட்டது. மறுபடி வராமலிருக்க அந்த இடத்து முடியை லேசரில் குறைக்கச் சொல்கிறார் சர்ஜன். அமெரிக்காவில் 11 முதல் 21 வயது வரையிலான 302 பேரை வைத்துச் செய்த ஆய்வைச் சொன்னார். லேசரும் சேர்த்துச் செய்துகொண்டவர்களில் ஒரு வருஷத்துக்குள் மறுபடி வந்தது 10.4 சதவீதம், ஷேவிங், கிரீமோடு விட்டவர்களில் 33.6. அவர்கள் பிள்ளைகள், எனக்கு வயசு 41. இருந்தாலும் செய்துகொள்ளப் போகிறேன்.

மார்ச் 15, சனி

மேச்சேரி, ஓமலூர் வழியாக சேலம். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

தோல் டாக்டர் ஒரு பெண் என்று தெரிந்ததும் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். லேசர் என்றால் பெண்கள் சமாச்சாரம் என்ற எண்ணம் வேறு. அவர் கண்டுபிடித்துவிட்டார். "நீங்க கூச்சப்பட்டு நெளிஞ்சீங்கன்னா நான் சரியா பண்ண முடியாதுங்க. எனக்கு இது தோல், அவ்வளவுதான்." அதற்குப் பின் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இருபது நிமிஷம் கேள்வி. சமீபத்தில் வெயிலில் கறுத்தீர்களா? என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? கட்டிக்காக டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டேன் என்றதும் தேதி கேட்டுக் குறித்துக்கொண்டார். சில மாத்திரைகள் தோலை ஒளிக்குக் கூசச் செய்யுமாம். பருவுக்கு ஐசோட்ரெடினாயின் சாப்பிடுகிறவர்களும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றார். காயம் பட்டால் தழும்பு தடித்து வளருமா? பச்சை குத்தியிருக்கிறதா? மச்சம் எங்கே? கடைசியாக எப்போது முடியைப் பிடுங்கினீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். வாக்ஸிங், திரெடிங், பிளக்கிங் எதுவும் நாலு முதல் ஆறு வாரத்துக்குள் செய்திருக்கக் கூடாது. வேரோடு போய்விட்டால் ஒளிக்குப் பிடிக்க உள்ளே எதுவும் இருக்காது. ஷேவ் செய்யலாம், செய்தே ஆக வேண்டும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முடிதான் தோலைச் சுடும்.

பின் என் கையை விளக்கில் பார்த்து "அஞ்சாம் நம்பர்" என்றார். தோல் நிறத்தை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் கணக்கு. நம் ஆட்கள் பெரும்பாலும் நாலு, ஐந்து. இன்று நாலே நாலு ஷாட் அடித்து அனுப்பிவிட்டார். ஒரு வாரம் கழித்துத் தோல் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் மற்றது. முதல் நாளே முழுசாகச் செய்யாதது எனக்குப் பிடித்தது. புது வண்டியில் முதல் லோடே முழு லோடு ஏற்ற மாட்டேன் நான்.

மார்ச் 22, சனி

நேற்று ராத்திரி வீட்டுக்காரிதான் ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஷேவ் செய்துவிட்டாள். தழும்பு பக்கம் வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் சிட்டிங். எனக்கும் கண்ணாடி, டாக்டருக்கும் கண்ணாடி, உதவிக்கு நின்ற பெண்ணுக்கும் கண்ணாடி. அடிப்பது இடுப்புக்குக் கீழே, முகமோ தலையணையில். கண்ணாடி எதற்கு என்றேன். "தெறிக்கிற ஒளி கண்ணுக்குள்ள போனா திரும்ப வாங்க முடியாதுங்க." புருவத்தைச் சுற்றி லேசர் வைக்கவே கூடாது என்றும் சொன்னார்.

கடுகு தாளிக்கும்போது எண்ணெய் கையில் தெறிக்குமே, அந்த வலி. சுருக்கென்று வந்து உடனே போய்விடுகிறது. மெஷின் முனையே ஐஸ் மாதிரி குளிர்கிறது. அறை முழுக்கக் கோழி வாட்டும் வாசனை. ஆண்களுக்கு முடி தடிமன், நெருக்கம். அதனால் சூடும் வலியும் கூடுதல் என்றார். முடிந்ததும் ஒவ்வொரு முடிக்காலைச் சுற்றியும் சின்னதாகத் தடித்திருந்தது. அது சரியாக வேலை நடந்ததன் அடையாளமாம், சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டது. இரண்டு நாள் சுடுதண்ணீர் வேண்டாம், வேர்க்க விடவேண்டாம்.

2,500 ரூபாய். நோட்டில் எழுத வேண்டிய செலவுதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பத்துப் பன்னிரண்டு நாளில் கருக்கிய முடிகள் மிளகுப்பொடி மாதிரி உதிர்ந்தன. அதைச் சந்தோஷமாக எழுத உட்கார்ந்தேன். அதற்குள் அக்கா மகன் வந்தான்.

24 வயசு. ஆவணியில் கல்யாணம். கர்ச்சீப்பால் முகத்தை மறைத்துக்கொண்டே உள்ளே வந்தான். எடுக்கச் சொன்னேன். இரண்டு கன்னத்திலும், தாடி எல்லைக்கு மேலே, முத்திரை குத்தியது போலச் சின்னச் சின்னச் செவ்வகங்கள். பழுப்பும் கறுப்புமாக, ஒரே அளவில், வரிசையாக. மெஷினின் முனை அப்படியே பதிந்திருந்தது. ஒரு செவ்வகத்தின் ஓரத்தில் பொருக்கு.

"கல்யாணத்துக்குத் தாடி லைன் நீட்டா இருக்கட்டும்னு பண்ணேன் மாமா."

ஓர் அழகு நிலையம். ஆறு சிட்டிங்குக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்களாம். என்ன மெஷின் என்று கேட்டேன், தெரியாது. யார் செய்தது? ஒரு பையன். டாக்டர் பார்த்தாரா? இல்லை. முந்தின இரண்டு நாளும் இவன் கூட்டாளிகளோடு அணைத் தண்ணீரில், உச்சி வெயிலில் மீன் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான். அதை யாரும் கேட்கவில்லை. இவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

எனக்குக் கோபம் அவன்மேல் வரவில்லை. நாலு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்த நான் இவனுக்கு என்ன சொல்லிக் கொடுத்தேன்?

மே 3, சனி

இரண்டாவது சிட்டிங். அக்கா மகனையும் கூட்டிப்போனேன். டாக்டர் அவன் கன்னத்தை ரொம்ப நேரம் பார்த்தார். சூடு பட்டுக் கறுத்தது, குழியாகவில்லை, அதனால் மங்கும். ஆனால் மாதக்கணக்கில் ஆகும் என்றார். கிரீம், வெயில் படக் கூடாது, சன்ஸ்கிரீன், கன்னத்தில் இனி எந்த ஒளியும் வேண்டாம்.

பிறகு இரண்டு பேருக்கும் சேர்த்து விளக்கினார். எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன். கறுப்புத் தார்ப்பாய் போட்ட வண்டியையும் வெள்ளைச் சாக்கு ஏற்றிய வண்டியையும் சித்திரை வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், தார்ப்பாயைத் தொட முடியாது. லேசரின் சூட்சுமம் அதுதான். முடியிலுள்ள மெலனின் என்ற நிறமி ஒளியைக் குடித்துச் சூடேறி வேரைச் சுடும்; சுற்றியிருக்கும் தோல் தப்பும். 1983-ல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இருவர் போட்ட கணக்கு இது. வெளுத்த தோலில் கறுப்பு முடி என்றால் கணக்கு சுலபம். நம் தோலிலேயே அந்த மெலனின் நிறைய இருக்கிறது. ஒளிக்கு முடி எது, தோல் எது என்று தெரியாது. வெயிலில் கறுத்த தோல் என்றால் இன்னும் மோசம்.

அதனால்தான் மெஷினைக் கேட்க வேண்டும். 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட் வெளுத்த தோலுக்குத் தோது. 810 பக்கம் உள்ள டயோடு நடுவில். 1064 என்டி யாக் ஆழமாகப் போகும், மேல்தோல் மெலனினில் அவ்வளவாகச் சிக்காது; கறுத்த தோலுக்குப் பாதுகாப்பு அதிகம். ஐபிஎல் என்று ஒன்று உண்டு; அது லேசரே இல்லை, பலவகை ஒளியும் கலந்து அடிக்கும் ஃபிளாஷ். நம் நிறத்தில் சூடுபட வாய்ப்பு கூடுதல். பையனுக்கு வைத்தது எது என்று யாருக்கும் இன்றுவரை தெரியவில்லை.

இன்னொன்று. முடி அடியோடு போகும் என்று யார் சொன்னாலும் நம்பக்கூடாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நிரந்தரக் குறைப்பு என்ற சொல்லைத்தான் அனுமதிக்கிறது. இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் 2008-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் குறைப்பு என்றுதான் தலைப்பு. எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. சில வளரும், சில உறங்கும். வளர்கிற முடியில்தான் ஒளி வேர்வரை போகும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு தடவை, எட்டு தடவை என்று போவது இதனால்தான். அப்புறமும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை போக வேண்டிவரலாம்.

தாடி விஷயத்தில் அவர் இன்னும் கண்டிப்பாக இருந்தார். ஆண் ஹார்மோன் வளர்க்கும் முடி. லேசில் அடங்காது, அடங்கினால் அங்கங்கே சொட்டையாக நிற்கலாம். கழுத்தில் ஷேவ் செய்தால் சுருள் முடி உள்ளே வளைந்து குத்திக் கட்டி கட்டியாக வருகிறவர்களுக்கு லேசர் நல்ல மருந்து. கன்னத்து லைனுக்காக 24 வயசில் செய்வது வேறு. இவன் அப்பா வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டுத் தாடி விடுகிறவர். நாளைக்கு இவனுக்கும் அந்த ஆசை வரும். அதை யாரும் இவனிடம் நினைவூட்டவில்லையே என்று எனக்கு இருந்தது.

ஜூன் 14, சனி

மூன்றாவது. ஜூன் 12 வழக்கமாக டெல்டாவுக்கு அணை திறக்கும் நாள். அந்த வாரம் ஊரே தண்ணீர் பேச்சாக இருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்து போனேன். இரண்டு பக்கமும் சமமாக.

நெஞ்சு முடியையும் சேர்த்து எடுத்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பாதி நரைத்துவிட்டது, நரைத்ததில் மெலனின் இல்லை, ஒளி அதைத் தொடாது. கறுப்பு போய் வெள்ளை மட்டும் நிற்கும். அதோடு தோளிலும் மேல்முதுகிலும் லேசர் வைத்த சில ஆண்களுக்குச் சுற்றியுள்ள பூனைமுடி தடித்து வளர்வதும் உண்டாம். குறைக்கப் போய்க் கூடிவிடும். வியாதி இல்லாத இடத்தைச் சும்மா விடுங்கள் என்றார். பணம் வாங்கிக்கொள்ள வாய்ப்பிருந்தும் வேண்டாம் என்று சொன்னவரை நான் நம்புகிறேன்.

ஜூலை 26, சனி

நான்காவது. கட்டி வரவில்லை. முடி பாதிக்குமேல் குறைந்துவிட்டது. வருவதும் மெலிந்து வருகிறது. அடுத்த வாரம் விஜயவாடா லோடு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. அணைக்கட்டு முனியப்பன் கோயில் பக்கம் நிற்க இடமில்லை. எங்கும் கோழி, பொங்கல், புதுத் தாலிக்கயிறு. படித்துறையில் துண்டோடு இறங்கினேன். நாலு வருஷம் லுங்கியில் சீழ்க்கறை தெரியுமோ என்று இந்தப் பக்கமே வராமல் இருந்தேன். முங்கி எழுந்தபோது வீட்டுக்காரி கரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பையன் புளியமரத்தடியில் குடையோடு நின்றான். கன்னத்தில் சன்ஸ்கிரீன் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக. செவ்வகங்கள் மங்கிவிட்டன, தெரிந்து பார்த்தால்தான் தெரியும். வரப்போகிற பெண்ணிடம் அவனே எல்லாம் சொல்லிவிட்டானாம்.

ஈரத்தோடு மேலேறும்போது படியில் ஒருத்தர். முப்பது வயசிருக்கும். ரிக் வண்டிக் கம்பெனி பேர் போட்ட பனியன். எல்லோரும் சம்மணம் போட்டுச் சாப்பிட, அவர் மட்டும் வாழையிலையை மடியில் வைத்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் இடது தொடையில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். எழும்போது படியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, மெதுவாக எழுந்தார்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"தம்பி, எத்தன நாளா இருக்குது?" என்றேன்.

என்னைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். "சூட்டுக் கட்டிங்கண்ணா," என்றார், குரலைத் தாழ்த்தி.