தன்மையும் படர்க்கையும்

செங்கல், மரம், உலோகம், சுதை இன்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் கல்வெட்டில் பெருமிதம் கொள்ளும் மண்டகப்பட்டுக் குடைவரையின் முன் சென்ற மாதம் நாங்கள் நால்வர் கூடி, சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' குறித்து உரையாடினோம். சுயம்பு மேகலையாக மாறும் கதை அது. நண்பரொருவர் இறுதிவரை மேகலையை 'அவன்' என்றே குறிப்பிட்டார். நாங்கள் எவரும் திருத்தவில்லை. கூவாகம் திருவிழாவை வேடிக்கையாய்ப் பார்த்தே வளர்ந்தவர்களல்லவா நாங்கள்!

அடுத்து, லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறான 'நான், வித்யா'வை (2007) எடுத்தோம். அங்கே 'அவன்' என்னும் சொல்லுக்கு இடமேயில்லை, பேசுபவர் 'நான்'. தமிழில் தன்மைக்குப் பால் விகுதி கிடையாது. பிறர் நம்மைச் சுட்டும் படர்க்கையில்தான் ஆண்பாலும் பெண்பாலும் வந்து ஒட்டுகின்றன. கென்ய எழுத்தாளர் பின்யவங்கா வைனைனாவும் 2014-இல் தாம் தன்பால் விழைவினர் என்பதைத் தன்மையிலேதான் எழுதினார், மறைந்த தம் தாயை விளித்து.

சமுத்திரத்தின் பரிவை நாங்கள் மறுக்கவில்லை. ஆயினும் பரிவும் படர்க்கைதான். திரும்பும் வழியில் நண்பர் மெல்லச் சொன்னார்: "மேகலை பாவம், அவள்..." அதற்குமேல் அவர் பேசவில்லை.